டவரை உடை, தம்பி!

கேள்வி: மொபைல் லெஜெண்ட்ஸ் விளையாட்டை இப்போதுதான் கைப்பேசியில் ஏற்றினேன். நூறு ஹீரோக்களுக்கு மேல் நிற்கிறார்கள். ஃபேனியை எடுக்கலாமா? ரொம்ப ஸ்டைலாக இருக்கிறாளே! (கல்லூரி மாணவர், கம்பார்)

பதில்: ஸ்டைல்தான். இரும்புக் கயிறு வீசிச் சுவருக்குச் சுவர் பறப்பாள். உங்கள் கையில் கிடைத்தால் சுவரிலேயே முட்டிக்கொண்டு நிற்பாள். கயிறு வீச வீச எனர்ஜி கரையும். அது தீர்ந்துபோகும் இடம் எதிரிக் கும்பலின் நட்டநடுவாகத்தான் இருக்கும். முதலில் டிக்ரியலை எடுங்கள். டேங்க், அடி தாங்குவார். உங்கள் தப்புக்கெல்லாம் அவர் உடம்பு ஈடு கொடுக்கும். சுற்றி நிற்பவர்களை ஒன்றாக இழுத்துத் திணறவைக்கும் அல்டிமேட்டை நேரம் பார்த்துப் போட்டால், மிச்சத்தை மற்ற நால்வர் பார்த்துக்கொள்வார்கள். தூர நின்று சுட ஆசையென்றால் லேலா. பாய்ந்து தப்ப அவளிடம் ஒரு வித்தையும் கிடையாது, அதனால் பின்னால் நிற்கும் புத்தி தானாக வரும். கணினியோடு மோதும் ஏ.ஐ. ஆட்டத்தில் போதும் போதும் என்கிற வரைக்கும் செத்துப் பழகுங்கள். அங்கே திட்ட ஆள் இல்லை.

கேள்வி: பத்துப் பேரைக் கொன்றும் தோற்றோம். டீம் சரியில்லை, அப்படித்தானே? (சுங்கை சிப்புட் வாசகர்)

பதில்: அவர்கள் உங்கள் டவர்களை உடைத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் புதருக்குள் யாரையோ துரத்திக்கொண்டிருந்தீர்கள், அப்படித்தானே? மூன்று லேன், ஒவ்வொன்றிலும் டவர், கடைசியில் பேஸ். பேஸை உடைத்தவர் ஜெயித்தார். கொலைக் கணக்கை யாரும் கேட்பதில்லை. ஒருவனைச் சாய்த்தால் அவன் எழுந்து வருவதற்குள் சில வினாடிகள் அங்கே ஆள் குறைவு. டவரை அடிப்பதற்குக் கிடைத்த அந்த நேரத்தில் நீங்கள் அடுத்த தலையைத் தேடப் போய்விடுகிறீர்கள். டவரிடம் தனியாகவும் போகாதீர்கள். மினியன்கள் முன்னே போய் அடி வாங்கட்டும், அவை விழுந்ததும் நீங்கள் பின்வாங்குங்கள். மூலையில் இருக்கும் சின்ன மேப்பையும் பாருங்கள். நடு லேனில் நின்றவன் திடீரென்று காணாமல் போனால், அவன் ஒட்டுக்கடைக்குத் தே தாரேக் குடிக்கப் போகவில்லை. உங்களிடம்தான் வந்துகொண்டிருக்கிறான்.

கேள்வி: ராத்திரியானால் பேரன் "செத்துட்டேன், செத்துட்டேன்" என்று கத்துகிறான். மனசு பதறுது, ஐயா. (தோட்டத்தில் பால்மரம் சீவிய பாட்டி, பாகான் செராய்)

பதில்: பயப்படாதீங்க பாட்டி, கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவான். நீங்கள் முதன்முதலில் கத்தி பிடித்தபோது பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறக்கி, கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்தக் காயம் மரத்தில் வருஷக்கணக்கில் தெரியும். பேரனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அடுத்த முறை "எப்படிடா செத்தே?" என்று கேளுங்கள். காரணம் சொன்னால் தேறிவிடுவான். "நெட் லேக், பாட்டி" என்றால் நாளைக்கும் கத்துவான்.

கேள்வி: சாப்பிடக் கூப்பிட்டால் "ஒரு நிமிஷம்மா, நிறுத்த முடியாது" என்கிறான். பொய்தானே? (ஓர் அம்மா, புந்தோங்)

பதில்: பாதிப் பொய். நிறுத்த முடியாது என்பது நிஜம். நடுவில் எழுந்து போனால் கூட ஆடும் நால்வரும் திண்டாடுவார்கள், இவனுடைய கிரெடிட் ஸ்கோரும் குறையும். ஒரு நிமிஷம் என்பதுதான் புளுகு. ஓர் ஆட்டம் பதினைந்து நிமிடம் இழுக்கும். தொடங்குவதற்கு முன்பே தட்டைக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: நம்ம பக்கத்து ஹீரோ யாராவது உண்டா? (தைப்பிங் வாசகி)

பதில்: பாடாங். மலாய் நாட்டுப்புறக் கதையின் பலசாலி. எதிரிக்குப் பின்னால் தடுப்பு எழுப்பி, நகரவிடாமல் குத்து குத்தென்று குத்துவார். தடுப்பு தப்பான இடத்தில் விழுந்தால் குத்து முழுக்கக் காற்றுக்கு.

கேள்வி: செலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி ஜெயித்ததைப் பார்த்தேன். நான் இப்போது எபிக் ரேங்க். படிப்பை விட்டு முழுநேரம் ஆடலாமா? (படிவம் 4 மாணவர், தாப்பா)

பதில்: 2024 ஜூலையில் ரியாத்தில் நடந்த மொபைல் லெஜெண்ட்ஸ் எம்.எஸ்.சி. போட்டியின் இறுதியாட்டத்தில் பிலிப்பைன்ஸின் ஃபால்கன்ஸ் ஏ.பி. பிரென் அணியை அவர்கள் 4–3 என்று சாய்த்தார்கள். பரிசு 10 லட்சம் அமெரிக்க டாலர். பார்த்தவுடன் கை துறுதுறுக்கத்தான் செய்யும். ஆனால் தம்பி, எபிக்குக்கு மேலே லெஜெண்ட், அதற்கு மேலே மித்திக் இருக்கின்றன. அவர்கள் அதற்கும் மேலே எங்கேயோ நிற்கிறார்கள். முதலில் எஸ்.பி.எம். எழுதிவிட்டு வாருங்கள். எபிக்கில் உங்கள் இடத்தை யாரும் பறிக்க மாட்டார்கள். அங்கிருந்து வெளியேறத்தான் எல்லாரும் தவிக்கிறார்கள்.