செக்லிஸ்ட் சார்

புதுக் கார் புக் பண்ணிவிட்டு டெலிவரிக்குக் காத்திருப்பவரை எந்தக் கூட்டத்திலும் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பந்திக்கு விரைந்துகொண்டிருக்க, ஒருவர் மட்டும் வாசலில் நிற்கும் யாருடைய காருக்கோ முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து டயரைப் படித்துக்கொண்டிருப்பார். அவர்தான். கோவை அவினாசி ரோட்டு ஷோரூம் பையன்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'செக்லிஸ்ட் சார்'.

சாருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். டிரைவிங் லைசென்ஸ் கல்யாணத்துக்கு முன்பே எடுத்தது. அதன் பிறகு ஓட்டியதெல்லாம் ஸ்கூட்டர்தான். ஆனால் கார் பற்றிப் பேச ஆரம்பித்தால், முப்பது வருஷம் லாரி ஓட்டியவரும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். எல்லாம் யூடியூப் புண்ணியம்.

புக்கிங் தேதி குறித்ததே பெரிய பஞ்சாயத்து. ஆடியில் புக் பண்ணக் கூடாது என்றார் அம்மா. ஆடித் தள்ளுபடி போய்விடும் என்றான் மச்சினன். இழுபறியில் ஆடி, ஆவணி இரண்டும் போயின. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அன்றைக்கே நவராத்திரியும் ஆரம்பம். காசு மிச்சமானதில் சாருக்குச் சந்தோஷம். அவசரப்பட்டு ஆடியிலேயே வாங்கிய பக்கத்து வீட்டுக்காரருக்கு அது மிச்சமாகவில்லை என்பதில் அதைவிடப் பெரிய சந்தோஷம்.

மிச்சமான காசில் சன்ரூஃப் வைத்த மாடலுக்குப் போகலாமே என்றாள் மகள். சார் கால்குலேட்டரை எடுத்தார். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். பத்தைத் தாண்டினால் 18. ஆக 9,98,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,740. சன்ரூஃப் வைத்த 10,25,000 ரூபாய் வண்டிக்கு 1,84,500.

"இருவத்தேழாயிரத்துக்கு ஓட்டை வாங்கினா, அம்பத்தஞ்சாயிரம் அந்த ஓட்டை வழியாவே போயிருமே கண்ணு!"

மகள் வானம் பார்க்கும் ஆசையை அத்தோடு விட்டுவிட்டாள். முன்பக்கம் இரும்பு பம்பர் கார்டு போடச் சொன்ன மச்சினனுக்கும் அதே கதிதான். "2017 டிசம்பர்லயே மத்திய அரசு வேண்டாம்னு சொல்லியாச்சு, மாப்ள. இடிச்சா ஏர்பேக் ஒழுங்கா வேலை செய்யாது" என்றார். இடிக்கப் போவதாகவே முடிவு செய்துவிட்டீர்களா என்று மச்சினன் கேட்கவில்லை.

அடுத்து நம்பர். கூட்டுத்தொகை எட்டு வரவே கூடாது, எட்டு சனி. ஒன்பது உத்தமம், ஐந்து பரவாயில்லை. டிஎன் 38 என்பதில் உள்ள மூன்றையும் எட்டையும் சேர்த்துக் கூட்டுவதா, விட்டுவிட்டுக் கூட்டுவதா என்பதில் ஜோசியர் ஒரு கட்சி, மாமனார் ஒரு கட்சி. எப்படிக் கூட்டினாலும் எட்டு வராத எண்ணாகத் தேடி, காகிதத்தில் நாலு பக்கம் எழுதிப் பார்த்தார் சார். பள்ளிக்கூடத்தில் இந்த அக்கறை இருந்திருந்தால் கணக்கில் அரியர் விழுந்திருக்காது.

இனிதான் சாரின் உயிர்நாடியான செக்லிஸ்ட். மொத்தம் அறுபத்து நாலு பாயிண்ட். மகனை விட்டு டைப் அடித்து, 'சரி', 'சரியில்லை', 'குறிப்பு' என மூன்று கட்டம் போட்டு, இரண்டு பிரதி எடுத்து வைத்திருந்தார். அதோடு ஒரு பையும் தயார். உள்ளே டார்ச் லைட், காற்று அளக்கும் கருவி, பழைய பனியன் துணி, ரீடிங் கண்ணாடி.

முதல் பாயிண்ட் சேசிஸ் நம்பர். "பதினேழு எழுத்து, தம்பி. அதுல ஐ, ஓ, க்யூ மூணும் வராது. ஏன்னு சொல்லுங்க பாக்கலாம்?"

விற்பனைப் பையன் தலையைச் சொறிந்தான். "தெரியலீங்க சார்."

"ஒண்ணு, சைபரோட குழம்பிரும்னுதான். வண்டி எந்த வருஷம், எந்த மாசம் தயாரானதுன்னு இந்த நம்பருக்குள்ளயே ஒளிச்சு வெச்சிருப்பாங்க. கம்பெனிக்குக் கம்பெனி எழுத்து மாறும். உங்க கம்பெனிக்கு என்னங்க?"

"மேனேஜரைக் கேட்டுச் சொல்றனுங்க சார்."

இரண்டாவது பாயிண்ட் டயர். அதன் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தில் முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 3125 என்றிருந்தால் 2025-ஆம் வருஷத்தின் 31-ஆவது வாரம். நாலு டயரோடு ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் பார்க்க வேண்டும். கல்யாண மண்டப வாசலில் சார் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

இன்சூரன்ஸிலும் அவரை அசைக்க முடியவில்லை. புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும் என்பது 2018 செப்டம்பரிலிருந்து விதி. அதை எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது வாங்குகிறவர் இஷ்டம். "வெளிய எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்கறது கஷ்டமுங்க சார்" என்று பையன் இழுத்தான். "அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க தம்பி" என்றார் சார். பையன் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்படி வாரக்கணக்கில் தயாரான மனிதர் டெலிவரி நாளன்று என்ன செய்தார்?

வெள்ளிக்கிழமை. நல்ல நேரம் ஒன்பதரை முதல் பத்தரை வரை. பத்தரைக்கு ராகு காலம். குடும்பம் ஒன்பது மணிக்கே ஷோரூம் வாசலில் ஆஜர். அம்மா, மாமனார், மாமியார், மச்சினன், சித்தப்பா குடும்பம், இவர்களோடு வண்டியை வீட்டுக்கு ஓட்டிப் போக ஓர் ஆக்டிங் டிரைவர். பாக்கிப் பணத்துக்கு ரசீது வர அரைமணி நேரம் போயிற்று. மிதியடி கலர் மாறி வந்துவிட்டது. பிறகு கேக். பிறகு ஆளுயர அட்டைச் சாவியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போட்டோ. வண்டியின் மேல் போர்த்தியிருந்த துணியை இழுக்கும்போது மணி பத்தே கால்.

சார் ரீடிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டார்ச்சோடு பானெட்டுக்குள் தலையை விட்டார். சேசிஸ் நம்பரில் ஒன்பதாவது எழுத்து வரை வாய்விட்டுப் படித்திருப்பார்.

"ஏனுங்க, பத்து இருவது ஆச்சு" என்றார் மனைவி.

"சாமி, ராகு காலம் வந்திருமடா. வண்டிய மொதல்ல நகத்து" என்றார் அம்மா.

பையன் இதற்காகவே காத்திருந்தவன்போல பேனாவை நீட்டினான். 'வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.' சார் பானெட் மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஆக்டிங் டிரைவர் வண்டியை மூன்றடி நகர்த்தினார். பழம் நசுங்கியது, பூசணிக்காய் உடைந்தது, ராகுவை ஜெயித்தாயிற்று. அதன் பிறகு ஃபாஸ்டேக் வருவதற்காக அதே மூன்றடி தூரத்தில் வண்டி முக்கால் மணி நேரம் சும்மா நின்றது. அப்போதாவது மிச்சப் பாயிண்டுகளைப் பார்த்திருக்கலாம். "பூஜை போட்ட வண்டில குத்தம் பாக்காதடா" என்று அம்மா தடுத்துவிட்டார். ஊர்வலம் ஈச்சனாரிப் பிள்ளையாரைப் பார்க்கக் கிளம்பியது. வழியில் முதல் தரிசனம் பெட்ரோல் பங்க். ஷோரூம்காரர்கள் ஊற்றியிருந்த பெட்ரோல் அதுவரைக்கும்தான்.

பின்கதவுக் கைப்பிடிக்குக் கீழே அரிசி நீளத்துக்கு ஒரு கீறல் இருந்ததை மறுநாள் காலை பனியன் துணியோடு போனபோதுதான் சார் பார்த்தார். ஷோரூமுக்குப் போன் போட்டார். பதில் மரியாதையாகத்தான் வந்தது: "நல்ல நிலையில இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டீங்களேங்க சார்."

சாரின் பட்டியலில் ஒரு பாயிண்ட்கூடத் தப்பில்லை. அதை எடுத்துக்கொண்டு போன நாள்தான் தப்பு. ஆர்.டி.ஓ. நம்பர் விழுந்துவிட்டால் சட்டப்படி வண்டி உங்களுடையது. அதன் பிறகு வேறு வண்டி மாற்றிக் கேட்க முடியாது, பெயிண்ட் டச்சப்தான் கிடைக்கும். தயாரான மாதமும் வருஷமும் ஆர்.சி.யில் அச்சாகி வரும். நாளைக்கு நீங்கள் வண்டியை விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். எனவே டார்ச், கண்ணாடி, பனியன் துணி எதை எடுத்துப் போவதானாலும், பதிவுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே ஸ்டாக் யார்டுக்குப் போய் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். டெலிவரிக்கு நாள் குறிக்கிறவர்கள், வண்டியைப் பார்ப்பதற்கும் ஒரு நாள் குறித்துக்கொள்வது நல்லது. அதற்கு ராகு காலம் தடையில்லை. கூட்டம் குறைவாக இருக்கும்.