ஒரே மழை, வேறு வேறு சேதி

கேள்வி: காக்கநாடு இன்ஃபோபார்க்கில் வேலை பார்க்கிறேன். சர்வர் பழுதானால் வாடிக்கையாளர், மேலாளர், டீம் எல்லோருக்கும் ஒரே மெயில் போதாதா?

பதில்: போதாது. அதே காக்கநாட்டில் இருக்கும் எர்ணாகுளம் கலெக்டர் அலுவலகம் மழை எச்சரிக்கை தருவதைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை பெய்தால் மிகக் கனமழை என்பது வானிலைத் துறையின் கணக்கு. அந்த எண் பொறியாளருக்கு உயிர். ஆலுவாவில் பெரியாற்றங்கரைப் பாட்டிக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அவருக்கு ‘ஆரஞ்சு அலர்ட், தயாராக இருங்கள்’. பள்ளிப் பிள்ளைக்கு ஒரே கேள்விதான்: நாளைக்கு லீவா?

2018 ஆகஸ்டில், 26 ஆண்டுக்குப் பிறகு இடுக்கியின் செறுதோணி அணை மதகு திறந்தபோது, அணையின் நீர்மட்டம் இத்தனை அடி என்று ஊரே பேசியது. கரையில் இருந்தவர்களுக்கு வேண்டியிருந்த கணக்கு வேறு: தண்ணீர் என் வீட்டில் எந்தப் படி வரை ஏறும்?

உங்கள் சர்வரும் அப்படித்தான். வாடிக்கையாளருக்கு முதல் வரியிலேயே எப்போது சரியாகும் என்று சொல்லுங்கள். மேலாளருக்கு, பாதிப்பு எவ்வளவு, என்ன உதவி வேண்டும் என்பது. லாக் ஃபைல் டீமுக்கு மட்டும். வாடிக்கையாளருக்கும் அனுப்பினால் பயந்துபோய் போன் செய்வார். பழுதை விட்டுவிட்டு அவரைத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். உண்மை மட்டும் மூன்று மெயிலிலும் ஒன்றாகவே இருக்கட்டும். மூவரும் என்றைக்காவது ஒரே மேசையில் சாயா குடிப்பார்கள்!