பனங்கைக்கு எத்தனை நட்சத்திரம்?

எப்போதும்வென்றான் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர்களுக்குப் பசுமைக் கட்டடக்கலை தெரியாது. மண்சுவர், பனங்கை, பனையோலை மட்டுமே தெரியும். அதற்குப் பெயர் குடிசை. 2030-க்குள் குடிசையே இருக்காது என்று 2024-ல் தமிழக அரசு அறிவித்தது; கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் வீட்டுக்குத் தலா 3.5 லட்சம் ரூபாய், மேலே கான்கிரீட் கூரை. சித்திரை வெயிலில் அதன்கீழ் படுத்தால் முன்னேற்றம் உடம்பெல்லாம் வழியும்.

நியாயம்தானே! மண்வீட்டில் வசிக்க ஒரு தகுதி வேண்டாமா? நிபுணர் வரைந்து, பட்டணத்துக்காரர் வாடகை கொடுத்துத் தங்கினால்தான் அது சூழல்நேய விடுதி.

குடிசையில் இருக்கும் பாட்டி வீட்டுக்கும் நட்சத்திரம் போட்ட பசுமைச் சான்று கேட்கலாம். எவ்வளவு மின்சாரம் மிச்சம் பிடித்தீர்கள் என்பார்கள். ஏ.சி.யே இல்லாத வீட்டில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? கவலை வேண்டாம் பாட்டி, முதலில் இரண்டு ஏ.சி. மாட்டுங்கள், ஒன்றை அணைத்து வையுங்கள். நட்சத்திரம் தேடி வரும்.