பாதிரியார் எடுத்த காண்ட்ராக்ட்

தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை 1876-இல் பிடித்தது. 1878 வரை விடவில்லை. மழை பொய்த்தது கடவுள் செயல் என்றால், மற்றதெல்லாம் துரைமார் செயல். ஊர் பட்டினி கிடக்கையில், 1877 ஜனவரி 1 அன்று வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் தர்பார் கூட்டி, விக்டோரியா மகாராணியை இந்தியாவின் பேரரசியாக அறிவித்துக்கொண்டிருந்தார். பட்டம் சூட்டிய கையோடு, 'செலவைக் குறை' என்று சர் ரிச்சர்ட் டெம்பிளைத் தெற்கே அனுப்பிவைத்தார்.

டெம்பிள் பாவம், சூடு கண்ட பூனை. 1874-இல் பீகார் பஞ்சத்தின்போது பர்மா அரிசியைத் தருவித்து ஜனங்களைக் காப்பாற்றிவிட்டு, காசைக் கரியாக்கினார் என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக இந்தத் தடவை, நாள் முழுக்க மண் சுமப்பவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று விதித்தார். இதைத் தின்று மனிதன் மண் வெட்ட முடியாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் மல்லுக்கட்டினார்.

இந்தக் கூத்துக்கு நடுவே ஓங்கோலில் இருந்தார் ஜான் எவரெட் கிளாஃப், அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரியார். அவர் சேர்ந்த தெலுங்கு மிஷன் பல வருஷம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. இழுத்து மூடிவிடலாமா என்று பாஸ்டன் தலைமை ஒரு தடவைக்கு மேல் யோசித்ததுண்டு. கிளாஃபிடம் வேதத்தோடு இன்னொரு வித்தையும் இருந்தது: இளவயதில் மின்னசோட்டாவில் நிலம் அளக்கும் வேலை பார்த்தவர். அந்தப் பழைய பிழைப்பு பஞ்சத்தில் கைகொடுத்தது. பக்கிங்காம் கால்வாயில் 3½ மைல் நீளத்துக்கு மண் வெட்ட அரசாங்கத்திடம் காண்ட்ராக்ட் எடுத்துவிட்டார்.

பிற வேலைத்தலங்களில் தோல் வேலை செய்யும் மாதிகர்கள் மேல்சாதி மேஸ்திரிகளிடம் அடியும் வசவும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கிளாஃப் தம் உபதேசிமாரையே மேஸ்திரிகளாக்கினார். நேற்றுவரை பாவத்தை அளந்தவர்கள் இன்று பள்ளத்தை அளந்தார்கள். பாதிரியாரின் பொழுதும் அப்படியே ஆகிவிட்டது. பனையோலைக் குடிசை போட வேண்டும், குடிதண்ணீருக்கு வழி பார்க்க வேண்டும், காலராவுக்கு மருந்து கொடுக்க வேண்டும், வெட்டிய மண்ணுக்குக் கணக்கு முடித்துக் கூலி பட்டுவாடா செய்ய வேண்டும். இதற்கிடையே ஜெபத்துக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

வேலை ஓய்ந்த நேரத்தில்தான் பிரசங்கம். பாரம் சுமப்பவர்களுக்கு இளைப்பாறுதல் தருவதாகச் சொல்லும் மத்தேயு சுவிசேஷ வசனத்தைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அப்போதுதான் தலைக்கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தவர்களுக்கு அதில் தத்துவம் ஏதும் தெரிந்திருக்காது. நம்ம விஷயம் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

ஆளுக்கு ஆள் ஞானஸ்நானம் கேட்டார்கள். பாதிரியார் மறுத்துவிட்டார்! சோற்றுக்கு மதம் மாறினார்கள் என்ற பேச்சு வந்துவிடும் என்ற பயம். ஏறத்தாழ 15 மாதம் ஒருவருக்கும் முழுக்குக் கிடையாது. ஆத்துமாக்களைத் தேடிக் கடல் கடந்து வந்தவர், தேடி வந்த ஆத்துமாக்களிடம் 'கூலியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், பிறகு பார்க்கலாம்' என்றார். மிஷன் வரலாற்றில் இப்படியொரு வியாபாரி அபூர்வம்.

பஞ்சம் தணிந்தது, காண்ட்ராக்ட் முடிந்தது, பஞ்ச நிவாரணப் பணமும் நின்றது. இனி கொடுக்க ஒன்றுமில்லை என்று ஆன பிறகும் கூட்டம் கலையவில்லை, பெருகியது. கடைசியில் ஓங்கோலுக்குப் பத்து மைல் வடக்கே, குண்டலகம்மா ஆற்றங்கரையில் வெல்லம்பள்ளி என்ற ஊரில் முழுக்கு நடந்தது. 1878 ஜூலை 2 அன்று 614 பேர், 3-ஆம் தேதி 2,222 பேர், 4-ஆம் தேதி 700 பேர். நடுநாளில் ஆறு போதகர்கள், ஒரு நேரத்துக்கு இருவர் வீதம் தண்ணீரில் இறங்கி முறைபோட்டு முழுக்கினார்கள். ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். வகுத்துப் பார்த்தால் தலைக்கு அரை நிமிஷம்கூட இல்லை. கிளாஃப் அன்று யாரையும் முழுக்கவில்லை. கரையில் நின்று மேற்பார்வை பார்த்தார். மேஸ்திரி புத்தி அதற்குள் போய்விடுமா?

அமெரிக்காவில் இந்தக் கணக்கு வேறொரு வழக்குக்குச் சாட்சியானது. எருசலேமில் பெந்தெகொஸ்தே நாளில் 3,000 பேர் சேர்ந்தார்களே, அத்தனை பேரையும் ஒரே நாளில் முழுக்கியிருக்க முடியாது, தலையில் தண்ணீர் தெளித்துத்தான் இருப்பார்கள் என்று மற்ற சபையார் வாதாடிவந்தார்கள். பாப்டிஸ்டுகள் ஓங்கோல் கணக்கைத் தூக்கி மேஜைமேல் போட்டார்கள்: 'இதோ பார், முடியும்!'

கால்வாய்க்கோ, மண்வெட்டி பிடித்ததாகத் தகவல் இல்லாத ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர். சபைச் சரித்திரத்தில் 2,222 தடித்த எழுத்தில் இருக்கிறது; 3½ மைல் பொடி எழுத்தில். முழுக்குப் பெற முதலில் ஆள் உயிரோடு இருக்க வேண்டும் என்பது வேதசாஸ்திரிகளுக்குச் சின்ன விஷயம்தான். மண் அளந்த பாதிரியாருக்கு மட்டும் அது தெரிந்திருந்தது.