ஸ்டிக்கி நோட் மகாத்மியம்

2001 பிப்ரவரி. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்டு என்றொரு பனிச்சறுக்கு ரிசார்ட். அங்கே 17 ஆண்கள் கூடினார்கள் (பெண் ஒருவர்கூடக் கிடையாது, குறித்துக்கொள்ளுங்கள்). பனியில் சறுக்கினார்கள், சாப்பிட்டார்கள், இடையே கொஞ்சம் நேரம் கிடைத்ததால் சாஃப்ட்வேர் உலகத்தையும் ரட்சித்தார்கள். பிறந்தது, சாஃப்ட்வேரை எப்படி உருவாக்க வேண்டும் என்று சொல்லும் 'அஜைல்' பிரகடனம். அதன் முதல் கட்டளையே, வழிமுறைகளையும் கருவிகளையும்விட மனிதர்களும் அவர்கள் கலந்து பேசுவதும்தான் முக்கியம் என்பது. ஆஹா! அடுத்த வருஷமே சிட்னியில் இரண்டு இளைஞர்கள், வேலைகளை டிக்கெட் போட்டுக் கண்காணிக்கும் ஜிரா என்ற கருவியை விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தப் பதினேழு பேரில் கென்ட் பெக் ஒரு அட்டைப் பிரியர். 1996-ல் கிரைஸ்லர் கார் கம்பெனியின் சம்பளப் பட்டுவாடா சாஃப்ட்வேரைத் தூக்கி நிறுத்தப் போனார். தடித்தடி ஆவணங்களை ஓரங்கட்டிவிட்டு, உள்ளங்கை அகல அட்டைகளை நீட்டினார். பயனாளருக்கு என்ன வேண்டுமோ அதை ஒரு வரி எழுது, மிச்சத்தை வாயால் பேசு! அதுதான் யூசர் ஸ்டோரி. பேசுவதற்கென்றே கம்பெனி தரப்பு ஆள் ஒருவர் கூடவே உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவர், தாங்க முடியாமல் வேலையையே விட்டுப் போய்விட்டார்.

2000-ல் அந்தத் திட்டத்துக்கும் மூடுவிழா. அதனாலென்ன? அதிலிருந்து கிளம்பிய எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற சாஃப்ட்வேர் எழுதும் முறை உலகம் முழுக்க ஓடியது.

ஆனால் அட்டைகள் குவியக் குவிய ஒரு சங்கடம். முந்நூறு கதைகளை மேலிருந்து கீழே பட்டியல் போட்டால் அது கதையா? ரேஷன் கடை லிஸ்ட்! இங்கேதான் ஜெஃப் பேட்டன் என்ட்ரி. பயனாளர் செய்வதை இடமிருந்து வலமாக வரிசையாக அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் விவரங்களைத் தொங்கவிடு. குறுக்கே ஒரு கோடு இழு. கோட்டுக்கு மேலே இருப்பது முதல் ரிலீஸ், கீழே இருப்பது 'அப்புறம் பார்க்கலாம்'. இதுதான் ஸ்டோரி மேப். எழுதிவைப்பதை நம்பாதீர்கள், பேசுங்கள் என்று சொல்ல வந்தவர், அதற்காக 2014-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதிவைத்தார்.

அவர் சொல்லித்தரும் பயிற்சி அபாரம். காலையில் எழுந்ததிலிருந்து வேலைக்குக் கிளம்பும் வரை செய்ததையெல்லாம் ஒரு துண்டுச்சீட்டுக்கு ஒன்றாக எழுதி அடுக்க வேண்டும். பிறகு குண்டு போடுவார்: இன்று நேரம் போனது தெரியாமல் தூங்கிவிட்டீர்கள், கிளம்பச் சில நிமிஷம்தான் இருக்கிறது. எதை வெட்டுவீர்கள்? உடனே குளியல் கோட்டுக்குக் கீழே போகும். டிபன் போகும். போனை நோண்டுவது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்!

அந்தச் சீட்டுக்கும், அதாவது ஸ்டிக்கி நோட்டுக்கும், ஒரு ஸ்தல புராணம் உண்டு. 1968-ல் 3எம் கம்பெனியின் ஸ்பென்சர் சில்வர் ஒரு பசை கண்டுபிடித்தார். ஒட்டும், இழுத்தால் வந்துவிடும். பசைக்கு இதைவிட அவமானம் உண்டா? 1974-ல் ஆர்ட் ஃப்ரை, தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் அடையாளச் சீட்டு நழுவிக்கொண்டே இருந்த எரிச்சலில், அந்தப் பசைக்கு வாழ்வு கொடுத்தார். மஞ்சள் நிறம்? உளவியல், ஆராய்ச்சி, மண்ணாங்கட்டி எதுவும் இல்லை. பக்கத்து லேபில் மிஞ்சிக் கிடந்த காகிதம் மஞ்சள்.

பிறகு சீட்டு கம்ப்யூட்டருக்குள் போனது. 2011-ல் ரஷ்யாவின் பெர்ம் நகரத்தில் ரியல்டைம்போர்டு என்ற இணைய வெள்ளைப்பலகை முளைத்தது. இன்றைக்கு அதுதான் மிரோ. 2020-ல் எல்லோரையும் வீட்டுக்குள் பூட்டியதும் சீட்டு ஒட்டிய சுவர்கள் திரைக்குள் குடியேறின. ஆபீஸ் சுவருக்கு நாலு மூலை உண்டு. இந்தத் திரைக்கு எல்லையே இல்லை. மேப் அதில் எந்தத் திசையில் இருக்கிறது என்று தேடுவதற்கே ஒரு ஆள் தேவைப்பட்டது.

சரி, ஸ்டோரி மேப் போட எந்தக் கருவியைத்தான் வாங்குவது? மிரோ, மியூரல் மாதிரி வெள்ளைப்பலகைகளில் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம், கிழிக்கலாம். அதையே ஜிராவில் மறுபடி ஏற்ற மறந்தால் இரண்டு பக்கமும் இரண்டு உண்மை. ஜிராவுக்குள்ளேயே மேப் போடும் செருகுநிரல்களில் அந்த இரட்டைக் கணக்கு இல்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு சீட்டும் டிக்கெட் ஆகிவிடும், டிக்கெட்டைக் கிழித்துப்போட யாருக்கும் மனசு வராது! ஸ்டோரிஸ்ஆன்போர்டு, ஏவியன் போன்றவை இதற்கென்றே பிறந்தவை. வரிசையும் குறுக்குக்கோடும் தயாராக இருக்கும். கூடவே இன்னொரு பாஸ்வேர்டும், இன்னொரு மாதாந்திர பில்லும்.

எதுவாக இருந்தாலும் டெமோவில் விற்பனையாளரை மேப் போட விடாதீர்கள். உங்கள் டீமையே காலைக் குளியல் பயிற்சியைச் செய்யச் சொல்லுங்கள். டெவலப்பரும் டெஸ்டரும் குளிப்பதா வேண்டாமா என்று மல்லுக்கு நிற்கும்போது மவுஸை யாரும் திட்டவில்லையென்றால், அந்தக் கருவி தேறும்.

ஆனால் நடப்பது வேறு. ஆறு கருவி, முப்பது அம்சம், பச்சை-சிவப்பு மார்க் போட்ட ஒப்பீட்டு அட்டவணை, அதை அலச ஒரு கமிட்டி. அந்த அட்டவணை எதில் இருக்கும் என்கிறீர்கள்? எக்செல்லில்.