பெயர் அவருக்கு, வேன் உங்களுக்கு

கேள்வி: என்னிடம் இரண்டு கேடிஎச் வேன் இருக்கின்றன. வெளிநாட்டு வாடகைக் கார் கொம்பனி ஒன்றின் பெயரை பிரான்சைஸ் எடுத்து ஊரில் போர்ட் போட்டால் பெரிய முதலாளி ஆகிவிடலாமா?
— ஒரு வேன்காரர், சாகாமம்

பதில்: போர்ட் பெரிதாகும், அதற்கு நான் பொறுப்பு. முதலாளி விஷயத்தை வயல் கணக்கில் பார்ப்போம். போடியார் காணி தருவார், முல்லைக்காரர் பாடுபடுவார், விளைந்ததைப் பங்கிடுவார்கள். இது நம் பக்கத்துப் பழைய ஏற்பாடு. பிரான்சைஸில் காணி உங்களது, விதைநெல் உங்களது, வெள்ளம் வந்தால் அதுவும் உங்களதே. போடியார் தருவது வரம்பில் நட்டுவைக்கத் தன் பெயர் எழுதிய பலகை மட்டும். வாகனத்தை வாங்குவது, லீசிங் கட்டுவது, காப்புறுதி எடுப்பது, டயர் மாற்றுவது எல்லாம் உங்கள் தலையில். பெயர்க்காரர் தன் முன்பதிவு வலையமைப்பில் உங்களைச் சேர்ப்பார், கவுண்டர் எப்படி இருக்க வேண்டும், சாரதி என்ன உடுக்க வேண்டும் என்று விதி சொல்வார், வாடகை வருமானத்தில் ஒரு வீதம் வாங்குவார்.

அப்படியானால் உலகம் முழுவதும் ஏன் இதற்குப் போட்டி போடுகிறார்கள்? வாடகைக் கார் கடையில் விற்பனையாவது கார் அல்ல, அறிமுகம். 1946இல் வாரன் ஏவிஸ் தன் கடையை டெட்ரொயிட் அருகே வில்லோ ரன் விமான நிலையத்தில் போட்டார். விமானத்தில் வந்து இறங்குகிறவருக்கு அந்த ஊரில் ஆளைத் தெரியாது, கடைக்கும் அவரைத் தெரியாது. தெரியாத இருவருக்கு நடுவே தெரிந்த பெயர் ஒன்று நின்றால் சாவி கைமாறும். 1958இல் மொரிஸ் மிர்க்கின் லொஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய பட்ஜெட் என்ற வாடகைக் கார் கொம்பனி தன் பெயரை ஊர் ஊராக பிரான்சைஸ் கொடுத்துத்தான் பரவியது. அதைப் பரப்பியவர் சிக்காகோவின் ஜூல்ஸ் லெடரர். அவர் மனைவிதான் ஆன் லாண்டர்ஸ் என்ற பெயரில் அமெரிக்கப் பத்திரிகைகளில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதியவர். ஒரே வீட்டில் ஒருவர் பெயரை வாடகைக்கு விட்டார், மற்றவர் கேள்விக்குப் பதில் சொன்னார். எது மேலான தொழில் என்று என்னிடம் கேட்காதீர்கள், நான் நடுநிலையாளன் அல்ல.

இப்போது சாகாமத்துக்கு வாருங்கள். குளக்கட்டில் நின்று யாராவது வேன் தேடினால், அவருக்கு உங்களையும் தெரியும், உங்கள் வாப்பாவையும் தெரியும், போன முறை ஏசி வேலை செய்யாததும் தெரியும். அதோடு நம் பக்கத்தில் ‘ஹயர்’ என்றால் வாகனம் சாரதியோடுதான் வரும். அந்தச் சாரதிதான் அடமானம், காப்புறுதி, வரவேற்பாளர் எல்லாம். ஆளில்லாமல் சாவியை மட்டும் கொடுக்கும் இடத்தில்தான் வெளிநாட்டுப் பெயருக்கு விலை. இல்லாத பயத்துக்கு மருந்து வாங்கி மாதாமாதம் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: இலாபத்தில் பங்கு கேட்டால் நியாயம். மொத்த வருமானத்தில் வீதம் கேட்கிறார்களாமே, இது என்ன கணக்கு?
— ஒரு வாசகர், சாய்ந்தமருது

பதில்: இஸ்லாமிய வணிகப் பங்கு முறையான முழாரபாவில் ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பார். இலாபத்தைப் பேசிய வீதப்படி பிரிப்பார்கள். உழைத்தவர் கவனக்குறைவாக நடக்காதவரை, முதலின் நட்டம் முதல் போட்டவருக்கு, வீணான உழைப்பு உழைத்தவருக்கு. பிரான்சைஸில் முதலும் நீங்கள், உழைப்பும் நீங்கள், நட்டமும் நீங்கள். பெயர்க்காரர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. இலாபம் என்பது கணக்குப்பிள்ளை எழுதும் எண். மச்சானின் சம்பளம், வீட்டு மின்சாரம், கறாஜ் செலவு என்று அதை எவ்வளவும் சுருக்கலாம். வந்த வாடகை முன்பதிவுப் பதிவிலேயே தெரியும், மறைக்க முடியாது. சோம்பேறியும் உழைப்பாளியும் ஒரே இலாபப் பங்கு கொடுத்தால் பெயரைக் கெடுப்பவனுக்கே வசதி என்றும் அவர் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாகனம் ஓடியும் லீசிங் தவணைக்கு மேல் மிஞ்சாத மாதத்திலும் அவர் பங்கு போகும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த மாதத்தை எண்ணிப் பாருங்கள், பெருநாள் மாதத்தை அல்ல.

கேள்வி: பெயர்க்காரருக்கு நட்டமே இல்லை என்கிறீர்கள். 2020இல் வாடகைக் கார் கொம்பனி ஹெர்ட்ஸ் வங்குரோத்து ஆகவில்லையா?
— ஓர் ஆசிரியர், கல்முனை

பதில்: நல்ல அடி, சேர். 2020 மே மாதம் கொவிட் விமானங்களை நிறுத்தியபோது ஹெர்ட்ஸ் அமெரிக்காவில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது உண்மை. ஏன் விழுந்தது என்று பாருங்கள். அதன் கைவசம் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் கடனில் இருந்தன. பழைய கார் விலை சரிந்ததும் கடன்காரர்கள் ஈட்டுக்கு மேலதிகப் பணம் கேட்டார்கள். ஹெர்ட்ஸ் பெயரை பிரான்சைஸ் எடுத்து நடத்தியவர்களின் கிளைகள் அந்த வழக்கில் சேரவில்லை, ஏனெனில் அவை ஹெர்ட்ஸின் சொத்தல்ல. பெயர்க்காரரைக் கவிழ்த்தது பெயர் அல்ல, அவரே வாங்கி வைத்த கார்கள். வாகனக் கடன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக் கதவைத்தான் நட்டம் தட்டும். என் வாதத்துக்கு ஹெர்ட்ஸ் எதிர்ச்சாட்சி அல்ல, முதற் சாட்சி.

நம் நாட்டில் இந்தப் பழைய கார் விலைக் கதைக்கு ஒரு வேடிக்கையான திருப்பம் உண்டு. பெரிய வாடகைக் கொம்பனிகள் புதுக் கார்களை மொத்தமாக மலிவில் வாங்கி, ஓரிரு வருடம் ஓட்டி, விலை விழுந்து போகுமுன் விற்றுவிடும். உண்மையில் அவை பழைய கார் வியாபாரிகள். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வேன், நகை மாதிரி விலை ஏறியது. விலை ஏறிய வேனை விற்றால் பதிலுக்கு வாங்கும் வேனும் விலை ஏறியிருந்ததால் அந்த இலாபத்தைக் கண்ணால் பார்க்க முடிந்தது, கையால் தொட முடியவில்லை. வெளிநாட்டுப் பெயர் தரும் மொத்தக் கொள்வனவுச் சலுகைக்கு அப்போது இங்கே என்ன வேலை இருந்தது?

கேள்வி: எங்கள் அறுகம்பேக்கு வருவது வெள்ளைக்காரர்கள். அவர்களுக்கு எங்கள் வாப்பாவைத் தெரியாதே?
— ஒரு விடுதிக்காரர், பொத்துவில்

பதில்: தெரியாது, அதனால் உங்களுக்கு ஒரு பெயர் தேவைதான். ஆனால் அது ஏவிஸாக இருக்க வேண்டியதில்லை. 2015இல் பிக்மி என்ற வாடகை வாகனச் செயலி கொழும்பில் ஓடத் தொடங்கியதிலிருந்து, அறிமுகம் செய்யும் வேலையைத் தொலைபேசியில் தெரியும் நட்சத்திரங்கள் செய்கின்றன. அங்கேயும் வாகனம் சாரதியுடையது, பெயர் கொம்பனியுடையது, ஒவ்வொரு ஓட்டத்திலும் கழிவு கொம்பனிக்கு. பிரான்சைஸின் தம்பி என்று வையுங்கள், அண்ணனைவிடக் கொஞ்சம் அவசரக்காரன். வித்தியாசம் ஒன்றுதான்: செயலியை இன்று இரவே அழித்துவிடலாம், பிரான்சைஸ் ஒப்பந்தத்தை அப்படி அழிக்க முடியாது. கடல் அலை ஏப்ரலில் வந்து ஒக்டோபரில் போகும் ஊரில், பன்னிரண்டு மாதமும் ஒப்பந்தத்தில் கட்டிப்போடும் பெயரைவிட, வேண்டாதபோது அழித்துவிடக்கூடிய பெயர் வசதி.

கேள்வி: வெளிநாட்டில் ஓர் ஊரில் எடுத்த காரை அதே கொம்பனியின் இன்னோர் ஊர்க் கிளையில் விட்டேன். மேலதிகமாக வாங்கினார்கள். ஒரே போர்ட்தானே?
— உம்ராவுக்குப் போய் வந்தவர், அக்கரைப்பற்று

பதில்: போர்ட் ஒன்று, பல நேரம் ஓனர் இரண்டு. இரண்டாம் ஓனரின் முற்றத்தில் முதலாம் ஓனரின் கார் நின்றால், அதை யாராவது திருப்பி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அவருடைய எண்ணெய்க் காசையும் சாப்பாட்டுக் காசையும் நீங்கள்தான் கொடுத்திருக்கிறீர்கள்.