ரகசிய மாவட்டத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: சர்வேயர் ஜெனரல் அவர்கள், இந்திய நில அளவைத் துறை, டேராடூன்.

பொருள்: வரைபடக்காரர் பேச்சிலிருந்து பட்டாளச் சமாச்சாரத்தை அடியோடு நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

2013இல் கூகுள் 'மேப்பத்தான்' என்றொரு போட்டி வைத்தது. தெரிந்த இடங்களைப் படத்தில் குறிப்பவர்களுக்குப் பரிசு. ஆஸ்பத்திரியோடு பட்டாள இடங்களையும் குறித்துவிட்டார்கள் என்று தங்கள் துறை டெல்லி போலீசுக்குப் போனது. மறு வருடம் விஷயம் சிபிஐயிடம் வந்தது. ஊர் உலகமெல்லாம் கூடி வரைகிற படத்தில் இராணுவத்துக்கு என்ன வேலை என்பது தங்கள் கட்சி. எனக்கும் அதே கட்சிதான். ஆனால் அரைகுறையாகச் செய்தால் காரியம் கெடும். எனவே விட்டுப்போன சிலதைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

முதலில் தங்கள் துறையின் மூத்தவர் வில்லியம் லாம்டன். பட்டாள அதிகாரி. 1802இல் சென்னையில் சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கியவர், தெற்கே குமரிமுனைக்குப் பக்கத்தில் 'புன்னை' என்று வெள்ளைக்காரர் எழுதிவைத்த இடம் வரை வந்தார். கணக்கைப் பெட்டியில் பூட்டினாரா? இல்லை. 1818இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அச்சேற்றினார். கட்டுரைத் தலைப்பிலேயே 8 பாகை 9 நிமிடம் 38.4 நொடி என்று போட்டார். நொடியில் பத்தில் ஒரு பங்கு என்றால் தரையில் மூன்று மீட்டர். இவ்வளவு துல்லியமாகக் காட்டிக் கொடுத்தவர் மீது இன்னும் ஒரு புகார்கூட இல்லை.

அந்த இடம் சுதந்திர இந்தியாவில் ரகசியமாகிவிட்டது. கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் வரும் உயரக்கோட்டுப் படங்களுக்கெல்லாம் தங்கள் தடை முத்திரை விழுந்தது. எங்கள் குமரி மாவட்டத்தில் கடலை விட்டு 80 கிலோமீட்டர் விலகப் பார்த்தால் மாவட்டமே முடிந்துபோகும். தோவாளைப் பூச்சந்தை, சுசீந்திரம் தெப்பக்குளம், பேச்சிப்பாறைத் தண்ணீர் பாயும் வயல் எல்லாம் தேச ரகசியமாயின. இதற்கிடையே அமெரிக்க இராணுவம் 1950களில் வரைந்த இந்தியப் படங்களை டெக்சாஸ் பல்கலைக்கழகம் யாருக்கும் இலவசமாகத் தருகிறது. சோவியத் இராணுவம் வரைந்தவையோ, அந்த நாடு உடைந்தபிறகு கடைச்சரக்கு. எங்கள் மேடு பள்ளம் மாஸ்கோவுக்குத் தெரிந்தது. குளத்தில் மடை திறக்கிறவருக்குத் தெரியக்கூடாது என்றிருந்தது. பாதுகாப்பு என்றால் இதுவல்லவா ஐயா!

அடுத்தது 2005ஆம் ஆண்டு வரைபடக் கொள்கை. படங்களைப் பாதுகாப்பு வரிசை, பொது வரிசை என்று இரண்டாகப் பிரித்தீர்கள். பொதுமக்களுக்கான வரிசையை எந்த அடித்தளத்தில் நிறுத்தினீர்கள்? இடங்களின் ஆயத்தொலைவைக் கணக்கிடும் டபிள்யூஜிஎஸ்-84 முறை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உருவாக்கியது. ஜிபிஎஸ் பேசுவதும் அதே கணக்கைத்தான். அதுவும் அதே பட்டாளத்தின் பிள்ளை. ஆகவே குளச்சல், தூத்தூர் படகுகளிலிருந்து அந்தக் கருவிகளைப் பிடுங்கிவிடலாம், நட்சத்திரம் பார்த்துக் கரைக்கு வரட்டும். ஒக்கிப் புயலில் ஆட்களைப் பறிகொடுத்த வீடுகளுக்குப் போய் இதைச் சொல்ல மட்டும் தங்கள் அலுவலகத்திலிருந்தே யாரையாவது அனுப்புங்கள்.

கடைசியாக ஒரு பழைய குற்றவாளி: டச்சுப் படையின் டி லனாய். 1741 குளச்சல் சண்டையில் பிடிபட்ட எதிரி. மார்த்தாண்ட வர்மா அவரையே தம் பட்டாளத்துக்கு வாத்தியாராக்கினார். பீரங்கி, கோட்டை, கவாத்து என்று அன்னிய நாட்டுத் தொழில்நுட்பத்தை இங்கே பேசிப் பேசியே 'வலிய கப்பித்தான்' ஆனார். உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறை இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டோடு. இரண்டு மொழியில் ஒப்புதல் வாக்குமூலம்! இரவோடிரவாகப் பூசி மறைக்க உத்தரவிட வேண்டும்.

2016இல் ஒரு வரைவு மசோதா வந்தது: அனுமதியில்லாத வரைபடத் தகவலுக்கு ஒரு கோடியிலிருந்து நூறு கோடி ரூபாய் வரை அபராதம், ஏழாண்டு வரை சிறை. அது சட்டமாகாமல் போனதால், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் மண்டபத்துக்கு வழி வரைந்த மாமன்மார் எல்லாரும் தப்பித்தார்கள். 2021 பிப்ரவரி 15இல் வந்த வழிகாட்டுதல் அதைவிடத் தாராளம். முன் அனுமதி வேண்டாம், எந்த இடத்துக்கும் தடையில்லை. ஆனால் சில இடங்களை இன்னது என்று எழுதக்கூடாது, அதற்கொரு பட்டியல் உண்டு. கட்டடம் படத்தில் தெரியலாம், பேர்தான் ஆகாது.

நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு சங்கடம், எங்கள் பக்கத்து பஸ் கண்டக்டர்கள். அப்படிப்பட்ட இடங்களின் வாசலில் வண்டி நின்றதும் தொண்டை கிழியப் பேரைச் சொல்லித்தான் ஆளை இறக்குகிறார்கள். அவர்களுக்கும் அந்தப் பட்டியலின் ஒரு பிரதி அனுப்பி வைக்கும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தடை செய்யப்பட்ட நாஞ்சில் நாட்டான்